மகிமை சொல்லாத அக்காவுக்கு

பாசமுள்ள என் புஷ்பம் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக என் நெஞ்சில் கனத்துக் கிடந்தது நேற்று இறங்கிவிட்டது. ராத்திரி இரண்டாம் முறை குழம்பு கேட்டுச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், கோபப்படாதே. உன் கல்லறையில் பெயரும் சிலுவையும் மட்டும்தான் இருக்கின்றன. வசனம் இன்னும் வெட்டவில்லை. எல்லோரும் போடுகிற 'ஆண்டவரே என் ஆயர்' வசனத்தைப் போட்டுவிடலாம் என்று கல் வேலைக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். நீ விசுவாசத்தோடுதான் போனாயா என்பதே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கல்லில் எதை எழுதச் சொல்வது?

உன் வயிற்றுக் கட்டிக்கு இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, தினமும் உனக்கு பைபிளிலிருந்து திருப்பாடல் வாசிக்க வந்தேன், நினைவிருக்கிறதா? மதியம் என் டவுன் பஸ் பாப்பாரப்பட்டியில் இருபது நிமிடம் நிற்கும். டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் உன் வீட்டுக்கு ஓடி வருவேன். நூற்றைம்பது பாடல்களில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. கடவுளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல், துணைக்கு இருட்டு மட்டுமே என்று முடிந்துவிடுகிற பாடல். மற்ற புலம்பல்களில் கடைசியிலாவது நன்றியோ நம்பிக்கையோ ஒரு வரி வரும். இதில் அதுவும் கிடையாது.

எந்தத் திருப்பாடலைச் சொல்லி முடித்தாலும் தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மகிமை சொல்லித்தானே நமக்குப் பழக்கம்? நான் சொல்வேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏங்க்கா மகிமை சொல்ல மாட்டேங்கற?"

"பாட்டு இன்னும் முடியலடா."

"கடைசி வரி வரைக்கும் வாசிச்சிட்டேனே."

"நீ வாசிச்சிட்ட. அழுவுறவன் இன்னும் அழுதுகிட்டுதான இருக்கான்?"

பங்குக் கோயிலில் வேதாகம வகுப்பு எடுக்கிறவன் நான், சும்மா விடுவேனா? இந்தப் பாடல்களில் நாம் கேட்பது கிறிஸ்துவின் குரல், அந்த இருட்டு அவருடைய கல்லறை, மூன்றாம் நாள் உயிர்ப்பு, ஆகவே தைரியமாக மகிமை சொல்லலாம் என்று உன் கட்டிலருகே ஒரு வகுப்பே நடத்தினேன். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"யேசு சாமி பொறக்கறதுக்கு எத்தனையோ நூறு வருசம் முன்னால, எவனோ ஒரு இஸ்ரயேல்காரன் ஒத்தையா ஒக்காந்து கதறியிருக்கான். அவங்கூட ஒரு நாழி ஒக்காந்தா என்ன? ஒனக்கு எல்லாத்துக்கும் ஒடனே விசில் ஊதி வண்டிய எடுத்தாவணும்."

அன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடிவிட்டேன். கடைசி நாளும் அதே பாடல், அதே மௌனம். மறுநாள் காலையில் நீ இல்லை. அடக்கப் பூசையில் நான்தான் வாசகம் வாசித்தேன். என் அக்கா கடவுளிடம் மனம் கசந்து போய்விட்டாள் என்ற பயத்தோடுதான் வாசித்தேன். ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

நேற்று மாதம்மா என் பஸ்ஸில் ஏறினாள், அக்கா. உன் பக்கத்து வீட்டு மாதம்மாதான், கடைசி வரைக்கும் உனக்குக் கஞ்சி ஊட்டினவள். தக்காளிக் கூடையை இன்ஜின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, தந்தைக்கும் மகனுக்கும்னு ஒன்னு சொல்லுவீங்களே, அது கடைசியில எப்பிடிங்க முடியும்? அது மட்டும் எனக்கு மறந்துபோவுது."

சிலுவை போடக்கூடத் தெரியாதவள் அவள். "ஒனக்கு எப்பிடிம்மா அது தெரியும்?" என்றேன்.

"நீங்க வாசிச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடிருவீங்க. அக்கா கண்ண மூடிகிட்டு அப்பிடியே கெடப்பாங்க. நான் கஞ்சி ஆத்தி எடுத்தார வரைக்கும் ஒரு பேச்சு இருக்காது. அப்பறம் அதச் சொல்லிட்டுத்தான் கஞ்சிக்கு வாயத் தொறப்பாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அக்கா நெனப்பு வந்தா சொல்லிக்குவேனுங்க."

"கடைசி நாளும் சொன்னாளா?"

"சொன்னாங்களே. கொரலு வரல, ஒதடு மட்டும் அசஞ்சுது."

"இத ஏம்மா இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க."

விசில் வாயில் இருந்தும் ஊத முடியவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னாப்பா, போலாமா வேணாமா?" என்றார். பஸ் நிறைய ஆள் இருந்தது. இருந்தும் அழுதுவிட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, அக்கா?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சிலுவையில் தொங்கியபோது ஆண்டவரே 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று ஒரு திருப்பாடலின் முதல் வரியைத்தானே கதறினார்? கதறிவிட்டு அடுத்த மூச்சில் மகிமை சொல்லவில்லை. மூன்றாம் நாள் வரை இடம் விட்டார். இத்தனை வருடம் வகுப்பெடுத்த எனக்கு இது உறைக்கவே இல்லை. அந்த இஸ்ரயேல்காரனின் அழுகையை அவர் வாங்கி நல்லபடியாக முடித்துவைக்கவில்லை, அவனோடு இருட்டிலேயே உட்கார்ந்தார். நீயும் அவனோடு உட்கார்ந்திருந்தாய். ஒரே ஒரு நாள் நான் பஸ்ஸைக் காக்க வைத்திருந்தால் அந்த மகிமையை என் காதால் கேட்டிருப்பேன், இல்லையா?

இன்று காலை கல் வேலைக்காரரிடம் போனேன். அந்தப் பாடலின் கடைசி வரியை வெட்டுங்கள், கீழே நான்கு விரல் இடம் விட்டு மகிமையை வெட்டுங்கள் என்றேன். "நடுவுல எடம் வீணாப் போவுதுங்களே, ஒரு பூ போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாங்க, அது வெறுமனே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம்மாவும் வருகிறேன் என்றாள். உன் பாடலைக் கடைசி வரி வரை வாசிப்பேன். அப்புறம் ஒரு சொம்பு கஞ்சி ஆறுகிற நேரத்துக்கு வாயைத் திறக்கமாட்டேன், இது சத்தியம். மகிமையை நீ தொடங்கு, அக்கா. நான் பின்னால் சொல்கிறேன்.

விசிலை வீட்டில் வைத்துவிட்டு வரப்போகும்
உன் உடன்பிறந்தான்,
சவரி