பித்தவெடிப்பும் வெள்ளை மெத்தையும்

டிசம்பர் 2, திங்கள்

இருபத்திரண்டு வருஷமாகப் பெங்களூர் சிக்பேட்டைக் கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறேன். இன்றைக்கு என் காலே எனக்கு எதிரியாகிவிட்டது. வெள்ளை மெத்தையில் முட்டி போட்டுத் திரும்பினேன் – சர்ர்ர்! குதிகால் வெடிப்பில் இழை மாட்டி, அரக்குப் புடவையின் முந்தானையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. வாங்க வந்த அம்மா புடவையை விட்டுவிட்டு என் காலையே பார்த்தார்.

முதலாளி கிருஷ்ணப்பா கத்தவில்லை. "அய்யாவு, கால் சரியாகிற வரைக்கும் மெத்தை மேல ஏறாதே. மேல குடோன்ல விலைச்சீட்டு ஒட்டு. சங்கராந்திக்குள்ள ஆகலேன்னா கல்யாண சீசனுக்கு வேற ஆள் பாக்கணும், ஏன் மாடோது, வேற என்ன செய்யறது?" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 3, செவ்வாய்

குடோன். பேச ஆளில்லை. அட்டைப்பெட்டியிடம் "சொல்லுங்க மேடம்" என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் காலை முக்கி, பிளேடால் சுரண்டினேன். ரத்தம். இப்போது நொண்டல் வேறு. பிரபாவிடம் மறைக்கப் பார்த்தேன். நடக்குமா?

"காலா இது, தேங்கா நாரா? இதுல பிளேடு வேற!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவள் இப்படியா சிரிப்பாள்?

டிசம்பர் 7, சனி

டாக்டர் டெஸ்மண்ட் முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை, பிழைத்தேன். நாள் முழுக்க வெறுங்கால், டிசம்பர் காற்று, அதனால் தோல் காய்ந்து தடித்துப்போய், உடம்பு பாரம் தாங்காமல் பிளக்கிறதாம். வெட்டவே கூடாது. புண் ஆறட்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் கிரீம். அதற்கு மேல் சாக்ஸ் போட்டுத் தூங்க வேண்டும். குடோனில் செருப்பு.

"ஆம்பள காலுக்குக் கிரீமா டாக்டர்?"

"உங்க குதிகாலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

டிசம்பர் 9, திங்கள்

நான் ஒரு அவசரக்குடுக்கை. சீக்கிரம் ஆறட்டுமே என்று காலையிலேயே வாஸ்லினை அப்பிக்கொண்டு போனேன். குடோன் படியில் செருப்பு வழுக்கிக் கழன்று, பொத்! புடவை மூட்டை கட்டும் வெள்ளைத் துணியில் என் குதிகால் அச்சு பிசுபிசுவென்று. இதுவே பட்டாக இருந்திருந்தால்? சொரசொரப்பும் ஆகாது, பிசுக்கும் ஆகாது. டாக்டர் சொன்னபடி ராத்திரி மட்டும்தான்.

டிசம்பர் 18, புதன்

சாக்ஸோடு படுத்தேன். "இஸ்கூலுக்குக் கெளம்பிட்டியா?" என்கிறாள் பிரபா.

டிசம்பர் 29, ஞாயிறு

வெடிப்பு மூடி வருகிறது. விரலை ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். என்ன சந்தோஷம்!

ஜனவரி 12, ஞாயிறு

நாளை மறுநாள் சங்கராந்தி. பயமாக இருக்கிறது என்று பிரபாவிடம் சொன்னேன். உள்ளே போய்த் தன் கல்யாணப் பட்டை எடுத்துவந்து தரையில் விரித்தாள்.

"நட."

"கிழிஞ்சா?"

"இங்கயே கிழியட்டும். கடைல கிழிய வேணாம்."

முந்தானையிலிருந்து கடைசி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். ஒரு சத்தமில்லை. பிரபா கைதட்டினாள். அப்புறம் மடிப்பதற்காகப் புடவை ஓரத்தில் காலை வைத்தாள்.

சர்ர்ர்.

அவள் பாதத்தைப் பிடித்துத் திருப்பினேன். என்னுடையதைவிட மோசம். இரண்டு வீட்டில் சமைக்கிறாள். செருப்பை வாசலில் விட்டு, ஈரத்தரையில் நாளெல்லாம் நிற்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"உன்னப் பாத்து சிரிச்சதுல என்னுத மறந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டில் ஓர் இழை விலகினால் பத்தடி தள்ளியிருந்தே சொல்லிவிடுவேன். இதைப் பார்க்கவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

கிருஷ்ணப்பா என் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "ஏறு" என்றார். ஏறினேன்! தொண்டை கட்டும் வரை பேசினேன்.

வீட்டுக்கு வந்து பிரபாவின் புடவையில் விலகிய இழையை நீவிவிட்டேன். கோடு கொஞ்சம் தெரிகிறது. கொடியில் இரண்டு ஜோடி சாக்ஸ் காய்கிறது. பிரபா தொட்டியில் காலை வைத்துக்கொண்டு, தண்ணீர் சூடே இல்லை என்று திட்டுகிறாள். வெதுவெதுப்புதான் என்று அதட்டிவிட்டு இதை எழுதுகிறேன். நாலு நிமிஷம்தான் ஆகிறது, அதற்குள் எழுந்திருக்கப் பார்க்கிறாள்.