முன்வரிசைக்குப் பின்னால் ஒரு ரசிகை

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் பேசினால் நடுவில் நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அப்பாவுக்கு அந்த வலது முழங்கால்தான் பாடாய்ப் படுத்துகிறது, இத்தனை வருஷம் பஸ் பிரேக்கை மிதித்த கால் இல்லையா. டாக்டர் படி ஏறக் கூடாது என்கிறார், நாம் இருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் வழக்கம்போல 'பழுது' என்று அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அதில் என் தையல் மிஷினைப் போட்டுவிட்டேன், வெளிச்சம் அங்கேதான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய கச்சேரிக்குப் போனேன். ஆமாம், அவருடையதுதான். ஊரை விட்டுப் போகும்போது அவர் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றாய், அதனால் இன்றைக்கும் எழுதவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் இசையமைக்கிற பாட்டுக்குப் பைத்தியம், அது உனக்கே தெரியும். அவரிடம் நீ கோரஸ் பாடப் போன அன்று நான் தைக்கிற கடை முழுக்க மிட்டாய் கொடுத்தேன். பிறகு அந்தப் பாட்டு வந்தது. மெட்டு புரிவதற்காக ஒரு தடவை பாடி வை, பிறகு அவர் மகள் பாடி மாற்றிவிடுவாள் என்று சொல்லி உன்னைப் பாடவைத்தார்கள். பாட்டு வெளியே வந்தபோது குரல் உன்னுடையது, பெயர் அவர் மகளுடையது. நீ கேட்கப் போன இடத்தில் அவர் மனைவி கேட்டிலேயே நிறுத்தி, "டிராக் பாடினவ எல்லாம் பாடகி ஆயிட முடியுமா? போம்மா" என்று சொன்னாளே, அன்று வீட்டுக்கு வந்து நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். அதற்கப்புறம் பாடுவதையே விட்டுவிட்டு எங்கோ ஒரு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுகூட நான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, எல்லாம் அந்த அம்மாள் வேலை என்று உன் அப்பாவோடு மல்லுக்கு நின்றேன்.

எங்கள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிற அக்கா இருக்கிறாளே, அவள் தொண்டைக்கு நாங்கள் வைத்த பேர் லவுட்ஸ்பீக்கர், அவள் ரசிகர் மன்றத்தில் இருப்பதால் இரண்டு பாஸ் கிடைத்தது. முன்வரிசையில் அவர் குடும்பம் உட்காருமாம், அதற்கு அடுத்த வரிசை நமக்கு என்றாள். அதைக் கேட்டதும் மிஷினில் என் கால் தானாக நின்றுவிட்டது. பாட்டுக் கேட்க நான் போகவில்லை, அந்த அம்மாளின் முகத்தை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கப் போனேன். பார்த்து என்ன செய்வாய் என்று அப்பா கேட்டார். தெரியவில்லை, ஆனால் ஏதாவது செய்யாமல் வரமாட்டேன் என்றேன். மனுஷர் கும்பிடு போட்டுவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார்.

பெரிய அரங்கம். நாற்காலிக்கெல்லாம் சிவப்பு வெல்வெட், மேடைத் திரையின் அடிமடிப்பு மட்டும் படு மோசமாகத் தைத்திருந்தது, நானும் லவுட்ஸ்பீக்கரும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும்போதே குடும்பம் வந்தது. மனைவி, மருமகன், மனைவியின் தங்கை, எல்லாருக்கும் ஒரே சென்ட். அந்த அம்மாள் சரியாக எனக்கு முன்னால் உட்கார்ந்தாள், கொண்டையில் முத்து கோத்திருந்தாள். கச்சேரி ஆரம்பித்தது. பழைய பாட்டு வந்ததும் என்னையறியாமல் வாய் முணுமுணுத்தது, பழக்கதோஷம். அவள் பாதி திரும்பி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஏம்மா, கூடப் பாடாதீங்க, தொந்தரவா இருக்கு" என்றாள். அன்று கேட்டில் உன்னிடம் பேசின அதே குரலாகத்தான் இருந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்ததில் காது வரைக்கும் வலித்தது.

பிறகு மகள் மேடைக்கு வந்தாள். பளபளவென்று வெள்ளை உடுப்பு, கையில் மைக். அவர் பியானோவில் இருந்தபடி, "என் மகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு" என்றார். அதே பாட்டு. இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏறுகிற அந்த வரிக்கு முன்னால், சின்ன வயசில் சளி பிடித்துப் பிடித்து உனக்கு வந்த பழக்கம், மூக்கால் ஒரு குட்டி மூச்சு இழுப்பாயே, அந்த மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது. நீ பெற்றோரை விட்டுக் கடல் தாண்டிக் கிடக்கிறாய், உன் மூச்சு இங்கே கூட்டத்தில் கைதட்டு வாங்குகிறது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள், அவ்வளவுதான். இவ்வளவு வருஷம் கழித்தும் பழைய பதிவையே போட்டு ஓட்டுகிறார்கள்.

பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துகிற பையன் மைக்கோடு கீழே இறங்கி, ரசிகர்கள் ஏதாவது கேட்கலாம் என்றான். லவுட்ஸ்பீக்கர் எழுந்து, "இங்க! இங்க ஒரு பழைய ரசிகை இருக்காங்க!" என்று போட்ட சத்தத்தில் அவன் ஓடியே வந்துவிட்டான். மைக் என் கைக்கு வந்தது. ரொம்பப் பணிவாகத்தான் பேசினேன். "ஐயா, நான் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே உங்க ரசிகை. இப்ப பாடின பாட்டுல அந்த மேல போற வரி இருக்கு பாருங்க, அதை மட்டும் வாத்தியம் எதுவும் இல்லாம பாப்பா ஒரு தடவை பாடிக் காட்டணும். இந்தக் காதால கேட்டுட்டுப் போயிடறேன்" என்றேன். அரங்கமே கைதட்டியது. பாவம், ஜனங்களுக்கு என்ன தெரியும். பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் பியானோவைப் பார்த்தார். கைதட்டல் நிற்கவில்லை, வேறு வழியில்லாமல் ஆரம்பித்தாள். முதல் இரண்டு வார்த்தை எப்படியோ வந்தது, மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து எங்கேயோ போய் விழுந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி விழுந்தது. "தொண்டை கொஞ்சம் சரியில்ல" என்றாள். உடனே லவுட்ஸ்பீக்கர், "இப்பதானே கணீர்னு பாடுச்சு, அதுக்குள்ள கட்டிக்கிச்சா?" என்றாள். பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான், அப்புறம் ஒரு மூலை சிரித்தது, அப்புறம் மொத்தமும். முத்துக் கோத்த கொண்டைக்குக் கீழே அந்தக் கழுத்து சிவந்து சிவந்து வந்ததைப் பார்த்தேன். குனிந்து காதோரம் சொன்னேன், "கூடப் பாடாதீங்கன்னு சொன்னீங்களே, இப்ப யாராவது கூடப் பாடினாத்தான் ஆகும் போலிருக்கே." முதல் தடவையாக அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உன் ஜாடை என் முகத்தில்தானே இருக்கிறது, அது அவளுக்குப் புரிகிற வரைக்கும் நானும் கண்ணை எடுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

முடிந்ததும் ஒரு ஆள் வந்து, ஐயா கூப்பிடுகிறார் என்று மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனான். போகிற வழியில் படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்து தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள், மை கன்னம் வரை வழிந்திருந்தது. "நான் பாடறேன்னு கேக்கவே இல்ல ஆன்ட்டி, அப்பாதான்" என்றாள். மனசு ஒரு நொடி இளகத்தான் பார்த்தது. குளியலறைக் குழாயின் சத்தத்தை நினைத்துக்கொண்டேன், தாண்டிப் போய்விட்டேன். உள்ளே அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் படத்தில் பார்த்த முகம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "நீங்க அந்தப் பொண்ணோட அம்மாதானே? அந்த மூச்சை நான் மறக்கலம்மா. அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். அப்பவே தெரியும்! எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் பார். நான் உன் அப்பாவோடு போட்ட சண்டையெல்லாம் எதற்காக? அந்த இடத்தில் அந்த அம்மாள் மேலிருந்த கோபம் மொத்தமும் இடம் மாறி இவர் மேல் வந்து நின்றது. "இனிமே பேர் போட்டே பாட வைக்கறேன். அவங்க நம்பர் மட்டும் கொடுங்க" என்று இரண்டு கையும் கூப்பினார். நான் சொன்னேன், "பேரே இல்லாத பொண்ணுக்கு நம்பர் மட்டும் எப்படிங்க இருக்கும்?" கூப்பிய கை அப்படியே நிற்க, நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளே ஊரெல்லாம் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோதான், நீயும் பார்த்திருக்கலாம். ஒலிபெருக்கிக் கோளாறு என்று அந்த அம்மாள் பேட்டி கொடுத்திருக்கிறாள். லவுட்ஸ்பீக்கர், தன்னைத்தான் கோளாறு என்கிறாள் என்று கடையில் குதிக்கிறாள். அப்பா மட்டும் சந்தோஷப்படவில்லை. "பழி வாங்கிட்டே, சரி. ஆனா நம்பர் கொடுக்கமாட்டேன்னு சொல்ல நீ யாரு? பாட வேண்டியவ அவ இல்லையா?" என்றார். அன்று ராத்திரியே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதனால் சொல்லிவிட்டேன், உன்னைத் தேடுகிறார், பேர் போடுகிறேன் என்கிறார். போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் நான் தடுக்க மாட்டேன், அவர் கூப்பிய கையை மன்னிக்கவும் மாட்டேன். கடையில் ரேடியோவில் அவர் பாட்டு வந்தால் இப்போது நானே போய் அணைக்கிறேன், எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, வெந்நீர் குடி, அந்த மூக்கைக் கவனி. அப்பாவிடம் முழங்காலைப் பற்றி நீயே ஒரு வார்த்தை அதட்டு, நான் சொன்னால் கேட்பதில்லை. நீ நீடூழி வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் உன் கையில் வந்து சேர வேண்டும். அடுத்த தடவை போன் பண்ணும்போது பேச்சோடு பேச்சாக ஒரு வரி பாடு. மேடைக்காக இல்லை, எனக்காக. வயசுக்கு வந்ததிலிருந்து யாருக்காவது ரசிகையாக இருந்தே பழகிவிட்டேன், இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஆசை தீரப் பழி தீர்த்துக்கொண்ட,
உன் அம்மா