லிவியோ கூப்பிட்டவர்கள்

வால்தெர்னா
9 நவம்பர் 1993

என் அன்பு மகள் நிவெஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நானும் கோழிகளும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளை எட்ஸியோவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதா என்று அறியத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மலை முகட்டில் முதல் பனி விழுந்துவிட்டது, விறகு இறக்கியாயிற்று, என் முட்டிவலி போன வருஷம் போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. உன் கடிதமும் கூட நீ வைத்திருந்த ஊராட்சித் தாளும் வந்து சேர்ந்தன. உன் பிள்ளை லிவியோவின் சவப்பெட்டியை இங்கே நம் கல்லறையிலிருந்து எடுத்துக் கனடாவுக்குக் கொண்டுபோய் உன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போவதாகவும், கல்லறை என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நான் பதில் போடாமல் இருந்தது கோபத்தால் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், மனசில் இருப்பதைத் தாளில் இறக்க எனக்கு நாளாகிறது, அதுவும் இந்த விஷயத்தை. நீ பெற்றவள். பெற்றவளுக்கு மேல் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் நீ போன பிறகு இந்த வீட்டில் நடப்பது எதையும் நான் உனக்குச் சொல்லவில்லை, தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், அழுகைக்கும் சேர்த்துக் காசு ஓடும் என்று விட்டுவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் விமானம் ஏறினீர்களே, அந்த ஜூலை முடிவதற்குள் ஒருநாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பெண், வைக்கோல் நிறத்தில் தலைமயிர், முதுகில் அவளைவிடப் பெரிய பை. என்னைப் பார்த்ததும் நோன்னா என்றாள். யாரடா இவள், என்னைப் பாட்டி என்று கூப்பிட, என்று நான் முழித்தேன். அவள் கையை நீட்டினாள், பீர்க் குவளைக்கு அடியில் வைப்பார்களே அந்த வட்ட அட்டை. அதன் பின்பக்கத்தில் பேனாவால் வழி வரைந்திருந்தது. நம் ரயில் நிலையம், செகோந்தோவின் ரொட்டிக்கடைப் பலகை, தண்ணீர்க் குழாய், பிறகு ஒரு வீடு, வாசலில் ஒரு கிழவி, கிழவிக்குக் கதவைவிடப் பெரிய மூக்கு. யார் கை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ எனக்கு அனுப்பிய கடிதங்களின் ஓரத்திலெல்லாம் சின்ன வயதில் அந்த மூக்கைத்தானே வரைந்து வைப்பான். அவள் டென்மார்க்காரி, பேர் பிர்தா. நான் கல்யாணத்துக்கு முன்னால் சூரிச்சில் வீட்டுவேலை செய்து கற்றுக்கொண்ட அடுப்படி ஜெர்மன் பேச்சு இப்போதுதான் உதவிக்கு வந்தது. இந்தப் பக்கம் வந்தா எங்க பாட்டி வீட்ல சாப்பிடாம போனே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னான் நோன்னா, இருக்கானா, குளிக்கப் போயிருக்கானா என்று எட்டி எட்டி உள்ளே பார்த்தாள். நான் வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டேன். முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தவள்தான், அந்தப் பாரத்தோடு எழுந்திருக்க முடியவில்லை, நானும் பக்கத்துவீட்டு ஒனோரினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதலில் சாப்பாடு, பிறகுதான் சேதி.

ஏனென்றால் அவளோடு நிற்கவில்லை நிவெஸ். ஆகஸ்டில் வந்தார்கள், செப்டம்பரில் வந்தார்கள், ஒருவன் தனியாக, இருவர் ஜோடியாக, எல்லார் கையிலும் ஒரு அட்டை, எல்லா அட்டையிலும் என் மூக்கு. உன் பிள்ளை ஐரோப்பா முழுக்கப் போன இடமெல்லாம் இந்த வீட்டைத் தானம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்துவீட்டு ஒனோரினாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஏன்டி எர்ஸீலியா, உன் வீடு என்ன தர்மசத்திரமா, கண்டதும் மூட்டையத் தூக்கிட்டு வந்து நிக்குது, ஒண்ணாவது குளிச்சுட்டு வருதா பாரு என்கிறாள். சொல்லிவிட்டு அவளேதான் பன்றித் தொத்திறைச்சியில் பாதியை வெட்டிக்கொண்டு வருகிறாள், பாவம் இந்த வயசுல பசி பொல்லாதது என்று. செகோந்தோ வயதாகிவிட்டது என்று ரொட்டிக்கடையை மூடிவிட்டான், அதை உனக்கு எழுதினேனா? கடையை மூடினாலும் பலகையை மட்டும் இறக்கவில்லை. கேட்டதற்கு, இறக்கிட்டா அதுங்க நேரா நடந்து ஆத்துல போய் நிக்கும் அக்கா, படத்துல என் பலகைகிட்டதானே திரும்பச் சொல்லியிருக்கான் உங்க பேரன் என்றான். எனக்குச் செலவு அதிகம் என்று நினைக்காதே, சோளமாவுக் களியும் உருளைக்கிழங்கும் சீஸும் வாணலியில் முறுகினால் யாருக்கும் போதும். பூகம்பத்தில் வீடு போய் நாம் வயலில் நின்றோமே, அப்போது பேர் தெரியாத ஆஸ்திரியாக்காரி ஒருத்தி வந்து, நீ நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, உன் மடியில் இருந்த மூன்று வயதுப் பிள்ளைக்குத் தகர டம்ளரில் சூப்பு ஊட்டினாளே. அவளுக்கு நாம் இன்னும் திருப்பிச் செய்யவில்லை.

இப்போது நீ கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அடக்கத்தின்போதும் கேட்டாய், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்கிறாய், இந்தக் கடிதத்திலும் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். நான் போட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில் அந்த ஊரே இல்லையே அம்மா, லிஸ்பனுக்குச் சீட்டு இருக்கும்போது அந்தப் பேர் தெரியாத நிலையத்தில் அவன் ஏன் இறங்கினான் என்று. எனக்குப் பதில் தெரியாமல்தான் இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், வழக்கம்போல இறந்தவர்கள் நடந்து களைத்து வருவார்கள் என்று சமையலறை மேசையில் விளக்கும் ரொட்டியும், கீழே வாளியில் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவு நிலைக்குக் குனிந்து ஒரு நெட்டைப் பையன் நின்றான். அட்டை காட்டவில்லை. நோன்னா என்றும் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றிய ஒன்றை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான். ஹாலந்துக்காரன், யோஸ்ட் என்று பேர். லிவியோ மூழ்கிய அன்று கூட இருந்தவன் இவன்தான், போலீஸ் வருவதற்குள் பயந்து ஓடிவிட்டவன். இவனுக்கு நான் சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை, இவன்தான் எனக்குச் சொல்ல வந்திருந்தான். ஆனாலும் ஏற்பாடு மாறவில்லை, முதலில் சாப்பாடு. கையில் வேறு ஒன்றும் இல்லை, களி வேக நேரமாகும், இறந்தவர்களுக்கு வைத்த ரொட்டியையே எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். சின்ன வயதில் அதைத் தொட்டால் என் அம்மா கையில் அடிப்பாள். நடந்து களைத்து வருகிறவனுக்குத்தானே அது, இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

சாப்பிட்டுவிட்டுச் சொன்னான். லிஸ்பன் ரயிலில் இருவரும் போய்க்கொண்டிருந்தார்களாம். ஒரு சின்ன நிலையத்தில் வண்டி நின்றது. அன்று புனித அருளப்பர் திருவிழா, ஊரே தெருவில் அடுப்பு வைத்து மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தது, புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மேடையில் பாண்டு வாத்தியம், அதில் ஒரு குண்டு மனிதர் மட்டும் எல்லாரும் நிறுத்திய பிறகும் ஊதிக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்து லிவியோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டேய் யோஸ்ட், இறங்குடா என்றானாம். அப்போ லிஸ்பன் என்ன ஆவது என்று இவன் கேட்டதற்கு, லிஸ்பன் எங்கடா ஓடிப்போகப் போவுது, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும், இந்த ஆளு இன்னைக்கு மட்டும்தான் இப்படி ஊதுவாரு என்று சொல்லி, வண்டி நகர நகரப் பையை ஜன்னல் வழியாக வீசிவிட்டுக் குதித்தானாம். நான் உனக்காகத் துருவித் துருவிக் கேட்டேன் நிவெஸ். அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தார்களா, ஏதாவது பெண்ணா, உடம்பு சரியில்லையா, காசு தீர்ந்துவிட்டதா? எனக்காக ஒரு காரணம் கிடைக்காதா என்று அவனும் தேடினான் என்று நினைக்கிறேன். கடைசியில், ஒண்ணுமில்ல நோன்னா, சும்மாதான் என்றான். மறுநாள் வெயில் தாங்காமல் லிவியோ ஊர்ப் பையன்களோடு தடுப்பணையிலிருந்து ஆற்றில் குதித்திருக்கிறான். யோஸ்டுக்கு நீச்சல் தெரியாது, கரையில் இருவர் காலணியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இரண்டு முறை சிரித்துக்கொண்டே ஏறி வந்தவன், அடுத்த முறை வரவில்லை.

பை வந்தது, காலணி வரவில்லையே என்று நீ கேட்டாய் அல்லவா, காகிதத்துக்குள் அதுதான் இருந்தது. இத்தனை மாதமும் தன்னோடு சுமந்து, மெழுகு போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். நான் ஏன் அவனைப் பிடிச்சு நிறுத்தலன்னு கேளுங்க நோன்னா, திட்டுங்க, அதுக்குத்தான் வந்தேன் என்று அழுதான். யாராலடா அவனை நிறுத்த முடிஞ்சுது, அவங்க அம்மாவாலயே முடியலையே என்று சொல்லி, அதற்குள் வெந்திருந்த களியில் ஒரு கரண்டி அவன் தட்டில் போட்டேன். மறுநாள் அவனும் எங்களோடு கல்லறைக்கு வந்தான், செவ்வந்திச் செடியை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். காலணியைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ வந்து எடுத்துக்கொள்ளும்வரை யாரும் தொட மாட்டார்கள்.

சும்மாதான் என்பது ஒரு பதிலா என்று நீ கேட்பாய். எனக்கும் அன்று ஜெபமாலை சொல்ல வாய் வரவில்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கொஞ்சம் உட்காரலாம், அதுகூட இல்லாமல் போயிற்றே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், உன் மனசு நோகச் சொல்லவில்லை. நீ ராத்திரி கண்விழித்துப் போட்டுக்கொடுத்த திட்டத்தில் இருந்த பெரிய ஊர்களிலிருந்து இதுவரை ஒருவர்கூட என் கதவைத் தட்டவில்லை. பிர்தாவை அவன் பார்த்தது ரயிலில் தூங்கிப்போய்த் தப்பான ஊரில் விழித்த அன்று. செப்டம்பரில் வந்த ஜோடியைப் பார்த்தது மழைக்கு ஒதுங்கிய மாட்டுக் கொட்டகையில். அவன் வழி மாறிய இடத்திலெல்லாம் ஒரு ஆளைச் சம்பாதித்திருக்கிறான், சம்பாதித்ததை எல்லாம் என் வாசலுக்கு அனுப்பியிருக்கிறான். என் பேரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான், பெருமைப்பட்டுக்கொண்டேதான் அழுகிறேன்.

கல்லறையில் பதிக்கும் படத்துக்கு நீ பள்ளிக்கூடத்தில் கோட்டு போட்டு எடுத்ததைத்தான் வைக்க வேண்டும் என்றாய், அதையே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து, இது யாரு, பாங்குக்காரன் மாதிரி என்று அழுகைக்கு நடுவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஊராட்சித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கண்ணே. பெற்ற தாய் கேட்டு நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். நேற்றே தபாலில் போட்டிருப்பேன். காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் எதிரே ஒருவன், சிவப்புத் தாடி, அயர்லாந்துக்காரன், பேர் கார்மக். பிரான்சில் திராட்சை பறித்துவிட்டுக் கிரீஸுக்கு ஆரஞ்சு பறிக்கப் போகிறானாம். அட்டை நனைந்து நனைந்து என் மூக்கு மட்டும்தான் மிச்சம். உட்கார வைத்துப் பரிமாறினேன். அவனுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது, கையாலேயே பேசினோம். லிவியோ ஒரு நிலையத்தில் பெஞ்சில் தூங்கும்போது குறட்டை விட்டு ஊரையே எழுப்பினானாம், அதை நடித்துக் காட்டினான். நான் சிரித்தேன் நிவெஸ், ஜூனுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான், சேதி சொல்ல வேண்டிய நேரம் வந்தது, எனக்குச் சொல்ல வரவில்லை. ஒருவன் மனசிலாவது பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. கிளம்பும்போது தன் மார்பைத் தொட்டு, கீழே தரையைக் காட்டி, இரண்டு விரலால் நடந்து காட்டினான், நான் வந்துட்டுப் போனேன்னு அவன்கிட்ட சொல்லுங்க என்று. சரி என்று தலையை ஆட்டினேன்.

வாக்குக் கொடுத்தாயிற்றே. தபால் நிலையத்துக்குப் போக வேண்டிய கால் கல்லறைக்குப் போயிற்று. அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்து, அயர்லாந்துக்காரன் வந்தாண்டா, நன்றாகச் சாப்பிட்டான், உன் குறட்டையை நடித்துக் காட்டினான், தான் வந்து போனதை உன்னிடம் சொல்லச் சொன்னான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிர்தா வந்ததிலிருந்து ஒவ்வொருவர் வந்து போகும்போதும் இப்படித்தான் போய்ச் சொல்கிறேன். நீ அவனை அழைத்துக்கொண்டு போ, நான் தடுக்கவில்லை. ஆனால் வசந்தம் வந்தால் இவர்கள் இன்னும் வருவார்கள், எத்தனை அட்டை வரைந்தான் என்று யாருக்குத் தெரியும். அப்போது நான் எங்கே போய் அவனிடம் சொல்வேன்?

அதனால் கையெழுத்துப் போட்ட தாளை உனக்கு அனுப்பவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீயே வா. மே மாதத்தில் வா. ஒரே ஒருவருக்கு நீ கதவைத் திறந்து, உன் கையால் ஒரு தட்டு பரிமாறு. அதற்குப் பிறகும் அவனைக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றினால், தாளை எடுத்து நானே உன் கையில் தருகிறேன், ரயில் நிலையம்வரை கூட நடந்தும் வருகிறேன்.

மாதா உன் நெஞ்சின் பாரத்தைக் கொஞ்சம் தன் தோளில் மாற்றிக்கொள்ளட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவரை இரவு வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல். கம்பளிச் சட்டை போடாமல் பனியில் இறங்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே மார்ச்சளி. வரும்போது எனக்கென்று எதுவும் வாங்காதே. நீ போன பிறகு ஊரில் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் உனக்கு வழி தப்பாது, ரொட்டிக்கடைப் பலகை அப்படியேதான் தொங்குகிறது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா எர்ஸீலியா