நைவாக்காவைக் கேலி செய்த பாட்டு

வுனிதோகோ,
கண்டாவுத் தீவு.

அன்பு மகன் ஓசேயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கிறது, அங்கே இங்கிலாந்துக் குளிரைத் தவிர உனக்கு வேறு கஷ்டம் வராதபடி ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி இதை எழுதுகிறேன். பட்டாளத்தில் உனக்குப் பதவி உயர்ந்த செய்தியைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் சொன்னார், உன் அப்பா சட்டைப் பொத்தானைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். போன வாரம் கடலில் நடந்ததை யாரோ உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள், நீயும் பயந்துபோய் போன் செய்தாய், இங்கே காற்றுக்குப் பிறகு லைன் வருவதும் போவதுமாக இருப்பதால் பாதிதான் கேட்டிருக்கும், அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உன் தங்கை லித்தியானா நன்றாக இருக்கிறாள், அவளுடன் படகில் வந்த பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், பதறாமல் படி.

நம் வீட்டில் சைருசியின் குரல் கேட்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நம் ஊரில் பிறந்து, சுவா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், அங்கே கித்தார் பழகி ரேடியோவில் பாட ஆரம்பித்தவர், எங்கள் இளவயதில் ஃபிஜி முழுக்க அவர் பாட்டுத்தான். நான் சுவாவில் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஒரு தடவை அவரை நேரில் கேட்டேன். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிக் கட்டிய கறுப்பு சுலு, காதில் ஒரு செம்பருத்தி, ஆள் குச்சிபோல இருந்தார், இவரா அவர் என்று நாங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், அவர் வாயைத் திறந்ததும் அடங்கிவிட்டோம். இப்போது பாடுகிற பையன்கள் மைக்கைக் கடித்துத் தின்கிறார்கள். சைருசியின் குரல் நம்மைத் தேடி வராது, நாம்தான் அது இருக்கும் இடத்துக்கு எழுந்து போக வேண்டும், அப்படி மெல்லிசாக உயரத்தில் நிற்கும், மற்றவர்கள் மூச்சு முடிந்து கீழே இறங்கிய பிறகும் அவர் மட்டும் அங்கேயே நிற்பார். அந்த ரெக்கார்டுகளில் உன் அப்பாவுக்குப் பாட்டைவிட அதற்கு நடுவே கேட்பவைதான் உயிர், ஒன்றில் யாரோ இருமுவார்கள், ஒன்றில் தெருவில் போகும் லாரியின் ஹாரன் கேட்கும், அந்தக் கேலிப் பாட்டில் கடைசி அடிக்கு முன்னால் சைருசிக்கே சிரிப்பு வந்து அதை விழுங்கிக்கொண்டு பாடுவார். அந்த இடம் வரும்போதெல்லாம் உன் அப்பாவும் சிரிப்பார், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பாட்டால்தானே நமக்கும் வளைகுடாவின் அந்தப் பக்கம் இருக்கும் நைவாக்காவுக்கும் இத்தனை வருஷ வம்பு. நைவாக்கா ஆண்கள் நம் ஊருக்குப் பெண் கேட்க வந்தார்களாம், வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கைத் தின்று தீர்த்தார்களாம், பெண்ணைக் கேட்க மறந்து ஏப்பம் விட்டுக்கொண்டே படகேறினார்களாம். நாடே சிரித்த பாட்டு அது. நைவாக்காவில் மட்டும் அதை ரேடியோவில் போட்டால் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், சைருசி என்ற பெயரையே அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். நைவாக்காவில் இருக்கும் உன் கலியோவா மாமா நம் வீட்டுக்குக் காவா குடிக்க வரும்போதெல்லாம் உள்ளே சைருசியின் குரலைக் கேட்டு வாசலிலேயே நின்று, “ஆடு கத்துதேன்னு ஓடி வந்தேன் மச்சான், பாவம், கயித்த அவுத்து விடு” என்பார். உன் அப்பாவும் விடமாட்டார், “உள்ள வா மச்சான், கெழங்கு நெறைய இருக்கு, என்ன கேக்க வந்தேன்னு மட்டும் மறந்துடாத” என்பார். கலியோவா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டு வந்துவிட்டால் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், விளையாட்டுக்குத்தான் என்றாலும் போய்விடுவார்.

இனி நடந்ததைக் கேள். லித்தியானா பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப்பந்தயத்துக்காக வுனிசேயாவுக்கு அழைத்துப் போயிருந்தாள், நம் படகின் எஞ்சின் பழுதுக்குக் கொடுத்திருந்ததால் கலியோவாவின் படகில் போனார்கள், நம் பிள்ளைகளும் நைவாக்காப் பிள்ளைகளும் கலந்துதான். சனிக்கிழமை மதியம் திரும்பும்போது வானம் வெளுப்பாகத்தான் இருந்ததாம். மூன்று மணிபோல மலைக்குப் பின்னாலிருந்து காற்று கிளம்பியது, அதோடு மழை, அது மழைபோல இல்லை, யாரோ வெள்ளைத் துணியைக் கடல்மேல் இழுத்து மூடியதுபோல இருந்தது. எதிரே பவளத்திட்டில் அலை உடையும் சத்தம் மட்டும் கேட்கிறது, அலை தெரியவில்லை. திட்டில் படகு நுழைய இருக்கிற ஒரே வாய் நம் ஊர் முனைக்கு நேரே இருக்கிறது, நைவாக்காவுக்கு நேரே வெறும் கல். படகு கிளம்பிவிட்டது என்று வுனிசேயாவிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை. ஊரே முனையில் வந்து நின்றது. பையன்கள் லாலியை, அந்தக் குடைந்த மர முரசை, உருட்டிக்கொண்டு வந்து அடித்தார்கள். அதே நேரம் நைவாக்காவிலும் அவர்கள் லாலியை அடிக்க ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் படகில் இருக்கிறார்களே. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி அடி, இரண்டும் மழைக்குள் கலந்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கரையில் நிற்கிற எங்களுக்கே புரியவில்லை. கடலில் இருப்பவன் எதைப் பார்த்துத் திருப்புவான்? தவறான லாலியை நம்பினால் நேராகக் கல்லில்தான் போய் மோதுவான்.

உன் அப்பா திடீரென்று வீட்டுப் பக்கம் ஓடினார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாரோ, திரும்பி வரும்போது சைருசி பாட்டெல்லாம் ஏற்றி நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அதன் சத்தம் போதாது என்பதால் கோவிலில் இருக்கும் ஊதுகுழல் ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரையும் முனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். போதகர் தயங்கினார், “எமோசி, அது சபையோட சாமான், பிள்ளைங்க உசுருக்காக ஒரு ஞானப்பாட்டப் போடுவோமே” என்றார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. “போதகரே, ஞானப்பாட்டு ரெண்டு ஊருக்கும் பொது. கடல்ல இருக்கறவனுக்கு எந்த ஊருன்னு எப்படித் தெரியும்? சைருசியோட பாட்டு கேட்டா அது வுனிதோகோதான். நைவாக்காக்காரன் செத்தாலும் அதப் போடமாட்டான்னு கலியோவாவுக்கு நல்லாவே தெரியும்” என்றார். போதகர் சுலுவைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஜெனரேட்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். ஊதுகுழலை முனையில் இருக்கும் ஈரப்பலா மரத்தில் கடலைப் பார்த்துக் கட்டினார்கள். காற்று மலையிலிருந்து கடலுக்கு அடித்தது எங்களுக்குச் சாதகம். முதலில் அந்தப் பழைய ரெக்கார்டின் இரைச்சல் வந்தது, பிறகு கித்தார், பிறகு அவர். ஓசேயா, அந்தக் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், சமைக்கும்போது, துவைக்கும்போது, உன்னை மடியில் போட்டுத் தட்டும்போது, அன்றைக்கு அது மழையைக் கிழித்துக்கொண்டு போனதைக் கேட்டதுபோல ஒருநாளும் கேட்டதில்லை.

நம் லாலியை அப்பா உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். நைவாக்கா லாலி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, அதைப் போய் யார் நிறுத்துவது? கேலிப் பாட்டு இரண்டாவது முறை ஓடிக்கொண்டிருந்தபோது அந்த லாலி நின்றது. பிறகுதான் தெரிந்தது, கலியோவாவின் மனைவி செனிமிலி அத்தை அடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கியிருக்கிறாள். “நிறுத்துடா, அவங்க நமக்கு வாய் இருக்குற எடத்தக் காட்டுறாங்க, நாம ஏன் குறுக்க சத்தம் போடணும்” என்றாளாம். ஒருத்தன், “அது நம்மள வையுற பாட்டு அத்தை” என்றதற்கு, “வையட்டும், என் புருஷன் கரைக்கு வரட்டும்” என்றாளாம். அந்தக் கரையில் ஊர் முழுக்க மழையில் நின்று, தங்களைத் திட்டுகிற பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள்.

படகில் நடந்ததை லித்தியானா சொன்னாள். தண்ணீர் உள்ளே ஏற ஏறப் பெரிய பிள்ளைகளை வைத்து இறைக்கச் சொல்லி, சின்னவர்களைப் படகின் நடுவே ஒருவர்மேல் ஒருவராக உட்காரவைத்துக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள், அழுத பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டாளாம், அவள் வாத்தியார் புத்தி எங்கே போகும். கலியோவா வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரு லாலியின் பக்கமாகத் திருப்பத் தொடங்கியிருந்தார், அது நைவாக்கா லாலி என்று இப்போது தெரிகிறது. அப்போதுதான் இவள், “மாமா, கேளுங்க, இடது பக்கம்” என்று கத்தியிருக்கிறாள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார், கிழங்கு தின்ற அடி காதில் விழுந்ததாம். “இந்த ஆட்டுக்குப் பின்னாடி நான் போற காலமும் வந்துச்சே” என்று சொல்லிக்கொண்டே படகைத் திருப்பினார். பிள்ளைகள் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்களாம்.

படகு திட்டின் வாய்க்கு வரும் நேரம் பார்த்து ஜெனரேட்டரில் தண்ணீர் இறங்கி நின்றுவிட்டது. சைருசி பாதி அடியில் அறுந்துபோனார். பையன்கள் அதன்மேல் விழுந்து கயிற்றை இழுக்கிறார்கள், அது இருமுகிறது, பிடிக்கவில்லை. அப்போது உன் அப்பா அந்தப் பாதி அடியிலிருந்தே எடுத்துப் பாடினார். அவருக்கு என்ன பெரிய குரல், உனக்குத் தெரியாததா, இருந்தும் பாடினார். நான் மேல்குரலை எடுத்தேன், போதகர் அடிக்குரலைப் பிடித்தார், கோவில் பாடகர் குழு முழுக்க அங்கேதானே நிற்கிறது, ஊரே பாடியது. இத்தனை வருஷமாக அந்த ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு அதன் ஒவ்வொரு இழுப்பும் எங்கள் எல்லோர் வாயிலும் ஏறியிருந்தது, கடைசி அடிக்கு முன்னால் சைருசி சிரிப்பை விழுங்குகிற இடத்தில் நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? வெள்ளைக்குள்ளிருந்து முதலில் படகின் மூக்கு தெரிந்தது, பிறகு லித்தியானாவின் மஞ்சள் சட்டை. நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள், எப்போது இறங்கினேன் என்றே எனக்குத் தெரியாது.

கலியோவா கரையில் இறங்கியதும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கலியோவா, “மச்சான், ரெக்கார்டுல இருக்கறவன் உன்னைவிட நல்லாப் பாடுறான்” என்றார். உன் அப்பா, “அது நாப்பது வருஷமா எனக்குத் தெரியும், நீதான் இன்னைக்கு முழுசாக் கேட்ட” என்றார். இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நாங்கள் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்த் துடைத்துச் சூடாகத் தேநீர் கொடுத்தோம்.

புதன்கிழமை நைவாக்கா முழுக்கப் பாயும் பன்றியும் தம்புவாவும் கொண்டு வந்தார்கள். அவர்கள் தலைவர் தம்புவாவை, அந்தத் திமிங்கிலப் பல்லை, இரண்டு கையிலும் ஏந்தி உன் அப்பா முன்னால் வைத்தார், படகும் உங்களுடையது, ஓட்டியவரும் உங்களவர், நாங்கள்தான் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் என்று நம் தலைவர் பதில் சொன்னார். அது முறைப்படி முடிந்ததும் நைவாக்காப் பெண்கள் எழுந்து அதே மெட்டில் புதிதாகக் கட்டிய அடியைப் பாடி ஆடினார்கள், வுனிதோகோ ஆண்கள் பெட்டியை மாட்டிவிட்டு அதற்குத் தண்ணீர் காட்டினார்கள் என்று, ஜெனரேட்டர் நின்றதைத்தான் அப்படிச் சொன்னார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். உன் அப்பாவை எழுப்பி அந்த அடியை அவர் வாயாலேயே பாடவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பழைய ரெக்கார்டுகளைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன் என்று ஊரில் பேசியவர்கள் எல்லாம் அன்றைக்கு அவருக்குக் காவாவின் முதல் கோப்பையை நீட்டினார்கள், அவர் அதை வாங்கிய விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும், முதுகு நேராக, முழங்கால் வலியே இல்லாததுபோல. நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அவருடைய மனைவியாக இருப்பதில் அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எழுத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. உன் தங்கையைப் பற்றியும் அப்படித்தான். மறுநாள் நைவாக்காப் பையன்கள் பென் டிரைவோடு வந்து எல்லாப் பாட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சைருசி கல்யாணம் செய்துகொள்ளாமலே சுவாவில் இறந்துபோனார், அவர் பெயரை வைக்க ஒரு பிள்ளை இல்லையே என்று அவர் வீட்டார் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். நேற்று காலை கலியோவாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம், நல்ல கனமான குழந்தை, தொண்டையைத் திறந்தால் வீடு அதிர்கிறது. கலியோவா அதை அப்பாவின் கையில் வைத்து, “சைருசியப் பிடி மச்சான், தலையப் பாத்து” என்றார். நைவாக்காவில், அவர் வாயால், அந்தப் பெயர்.

சரி, போதகரின் தம்பி நாளைக்குச் சுவா போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். ஜெனரேட்டரைப் பழுது பார்க்கிறார்கள், நீ அதற்காக ஒன்றும் அனுப்பாதே, இரண்டு ஊரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். லித்தியானாவுக்கு மட்டும் ஒரு போன் செய், பாராட்டினால் வெட்கப்படுவாள், பரவாயில்லை, நீயே சொல்லு. கால் ஈரத்தோடு பூட்ஸைப் போடாதே, ஞாயிற்றுக்கிழமையில் கோவிலுக்குப் போகாமல் தூங்காதே, கூட இருக்கிற நம் பையன்களுக்கும் என் அன்பைச் சொல்லு. நீ நிற்கும் இடத்திலும் நடக்கும் வழியிலும் கடவுளின் கை உன் தலைமேல் இருக்கட்டும் மகனே, நல்லபடியாகப் போய் நல்லபடியாக எங்களிடம் வந்து சேர்.

உன்னைப் பெற்ற,
உனாய்சி.

அப்பா தன் அன்பையும் எழுதச் சொன்னார்.