பிம்ப்ரியில் பூக்காத புரசு

இன்று காலை பஸ் ஜன்னல் வழியாக ஒரு புரசு மரத்தைப் பார்த்தேன். சிஞ்ச்வட்டைத் தாண்டி, ஒரு தொழிற்சாலை மதிலோரம். இலை ஒன்றுகூட இல்லை. நுனிக்கிளையில் இரண்டு கொத்து ஆரஞ்சுப் பூ. இந்த வருடத்தின் முதல் பூ. கை தானாகச் செல்போனுக்குப் போனது. நீ இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கட்கியில் தொழிற்சாலை வேலையை நாற்பத்தெட்டு வயதில் விட்டுவிட்டு நீ முல்ஷி பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் குடியேறியபோது, ஆறு மாதத்தில் திரும்பிவிடுவாய் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படி நடக்க வேண்டும் என்றும் விரும்பினேன். நீ வரவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் போன்தான் வந்தது. களா பழுத்துவிட்டது, மின்மினி வந்துவிட்டது, வயலில் நண்டு வெளியே வந்துவிட்டது. வானிலை அலுவலகத்தைக் கேட்டு நான் பருவமழைச் செய்தி எழுதிக்கொண்டிருப்பேன். நீ நனைந்தபடி பேசுவாய். "என்னடா ரிப்போர்ட்டர், உன் பேப்பருக்கு மழை இன்னும் வரலையா?"

நான் சிரிப்பேன். போனை வைத்ததும் அரை மணி நேரம் எதுவும் எழுத வராது. முதலில் சொல்வது என் பிழைப்பு. அதை நீ பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தாய்.

ஒரு பிப்ரவரியில் பொய் சொன்னேன். பிம்ப்ரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் புரசு பூத்துவிட்டது என்றேன். உன் பக்கத்தில் அப்போது மொட்டுதான்.

"நிஜமாவா? எத்தனை கொத்து?"

"மூணு" என்றேன். செய்தியில் ஒரு எண்ணைக்கூடக் கற்பனை செய்யாதவன் நான். முதல் பூ, முதல் மழை எல்லாம் குறித்துவைக்கும் உன் நோட்டை நீ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிடா, ஜெயிச்சிட்ட. எழுதிக்கறேன்" என்றாய். அன்று மாலை வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனேன்.

அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியிலும், பிம்ப்ரி மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். இன்னும் பூக்கவில்லை என்பேன். அந்த மரத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அது.

உன் காரியம் முடிந்த பிறகு உன் மனைவி உன் நோட்டை என்னிடம் கொடுத்தார். "உங்க பேர்கூட இதுல இருக்குண்ணா" என்றார். இருந்தது. 'புரசு, முதல் பூ, பிம்ப்ரி. பார்த்தது ரிப்போர்ட்டர்.' கீழே வேறு மையில்: 'நேரில் போனேன். மரமே இல்லை. இருக்கட்டும், இந்த வருஷம் அவன் பேரிலேயே.'

இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாய். அங்கிருந்து என் வீடு பத்து நிமிட நடை. வராமலே திரும்பியிருக்கிறாய். உன் மழைமீதும் மின்மினிமீதும் இருந்த பொறாமை எனக்குப் பழகிப்போனது. அந்த இரண்டாவது வரியை எழுதிவிட்டு இத்தனை வருடம் உன்னால் சும்மா இருக்க முடிந்ததே, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இன்றைய பூவை உன் நோட்டில் எழுதினேன். இடம், மரம், இரண்டு கொத்து. பார்த்தவன் பெயரை மட்டும் எழுதவில்லை. நீ இன்னும் நேரில் வந்து சரிபார்க்கவில்லையே.