வடிவு வாசிக்காத பாடம்

மாப்பிள்ளைக்கு,

இதை அடுப்பில் போடுவதானால் படித்துவிட்டுப் போடு. விஷயம் உன் மகள் வடிவைப் பற்றியது.

என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் நீ கொடைக்கானல் சந்தையை விட்டு வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போய்விட்டாய். இங்கே புதிதாக ஒன்று நடக்கிறது. உன்னிடம் சொல்லப் பயந்து வீட்டில் மறைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் எந்தத் தகப்பன் போகிறான்? அதனால் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஞாயிறுதோறும் பிள்ளைகளைச் சந்தைக்கே கூட்டிவந்து, பெற்றவர்கள் முன்னால் பாடம் வாசிக்கச் சொல்கிறார். வீட்டில் எதைப் படிக்கவைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

போன வாரம் வடிவின் முறை. பூண்டு மூட்டைகளுக்கு நடுவே புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றாள். வாயே திறக்கவில்லை.

"ஏத்தா, மாமா கேக்குறேன், படி" என்றேன்.

"எங்க அப்பாதான் கேக்கணும். நீங்க அவுககூடச் சண்டை போட்டவுகதானே?" என்றாள். சந்தையே சிரித்தது.

வகுப்பிலும் இப்படித்தானாம். இந்த ஞாயிறும் வாசிக்காவிட்டால் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிடுவாராம் டீச்சர்.

நம் சண்டை அப்படியே கிடக்கட்டும். உன் இடத்தில் இதுவரை யாரையும் கடை போட விடவில்லை. ஞாயிறு விடியும்போதே, வெள்ளனே வந்து நில். நான் அன்றைக்குச் சந்தைக்கு வரமாட்டேன், பூண்டு சீசனாக இருந்தாலும்.

அவள் எப்படி வாசித்தாள் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கடைக்காரன்