துக்க வருடத்தில் ஒரு கச்சாங் பூத்தே கடை

என் கண்ணு பவித்ராவுக்கு,

நீ இல்லாத முதல் தீபாவளி வருகிறது. ஈப்போ சந்தை முகப்பில் கடலையும் முறுக்கும் விற்கும் நம் கச்சாங் பூத்தே கடை இன்னும் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்; உன் அப்பனுக்கு வாய் சும்மா இருக்காதே.

நீ கை வைப்பதற்கு முன்னால் கடை இருந்த லட்சணம் நினைவிருக்கிறதா? வறுகடலை, முறுக்கு, பட்டாணி எல்லாம் துருப்பிடித்த பிஸ்கட் டின்களில். எந்த டின்னில் என்ன என்று எனக்கே திறந்து பார்த்தால்தான் தெரியும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட மூளை அவ்வளவுதான் ஓடியது. நீ கோப்பிக் கடைகளில் தூக்கிப்போடும் கண்ணாடிப் பாட்டில்களைக் கேட்டு வாங்கி வந்தாய். மூடிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்தாய். அம்மாவின் பழைய நீலச் சேலையைப் பின்னால் கட்டினாய். அதன் முன்னால் மஞ்சள் முறுக்கு நகைக் கடைச் சரக்கு மாதிரி நின்றது.

“பச்சைப் பட்டாணி பக்கத்துல மிளகாக் கடலைய வைங்கப்பா. ஒரே கலரா அடுக்குனா பாக்குறவன் கண்ணு தூங்கிடும்லா.”

“தூங்கட்டும், எழுப்பி விக்கிறேன்” என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் சும்மா போகிறவர்கள் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் ஆன செலவு ஒரு டப்பா சாயம்.

பிறகு அந்த மழை, அந்த லாரி, உன் மோட்டார் சைக்கிள். அதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கருமாதி முடிந்ததும் உன் அத்தை சொன்னார்: “தம்பி, வருசம் திரும்புற வரைக்கும் துக்க வீடு. கடையில கலரெல்லாம் வேணாம்.” அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நீலச் சேலையை அவிழ்த்துவிட்டு வெள்ளைத் துணி கட்டினேன். பாட்டில்களைக் கீழே இறக்கினேன். அதோடு விட்டேனா? நடுவில் உன் படத்துக்கு மாலை போட்டு வைத்தேன். முக்கியமானதைக் கண் மட்டத்தில் வை என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்?

பார்த்தார்கள். கும்பிட்டார்கள். “பாவம்லா அண்ணே” என்றார்கள். வாங்கத்தான் ஆளில்லை. எப்போதும் நம்மிடமே வாங்கும் ஓர் அம்மா தயங்கித் தயங்கி, “தப்பா நினைக்காதீங்க அண்ணே. பொண்ணு நிச்சயத்துக்கு முறுக்கு வேணும். நல்ல காரியம்லா…” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

எதிர்க் கோப்பிக் கடைக்காரர் கத்தினார்: “மச்சான், இது கடையா கோயிலா? துன்னூறு எப்பக் குடுப்ப?” நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, எதையோ தேடுவது போல் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

கடை போனால் நான் ஏதாவது வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போய்விடுவேன். உட்கார்ந்தபடி தூங்குவதில் எனக்கு நல்ல அனுபவம். பயமெல்லாம் உன் அம்மாவைப் பற்றித்தான். பேச்சை நிறுத்திவிட்டாள். முறுக்கு சுடுவதற்கு மட்டும் பாயை விட்டு எழுந்திருப்பாள். விற்காத முறுக்கை நான் திருப்பிக்கொண்டு போகப் போக, அதுவும் குறைந்தது. கடையைச் சாத்தினால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

போன வாரம் அவளே வந்து நின்றாள். உன் காரியத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டியது அன்றுதான். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். உன் படத்தைப் பார்த்தாள்.

“புள்ளைய எதுக்குங்க வெயில்ல காயப் போட்டிருக்கீங்க?”

படத்தை எடுத்து முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். வெள்ளைத் துணியை உருவிவிட்டு நீலச் சேலையைக் கட்ட ஆரம்பித்தாள். அத்தையும் அங்கேதான் இருந்தார்.

“ஊரு என்ன பேசும் புள்ள?”

“பேசட்டும் அண்ணி. வீட்டுல விளக்கு வேணாம், பலகாரம் வேணாம், ஒத்துக்கிறேன். இது அவ கட்டி வச்சது. இதையும் தூக்கிட்டா, அவள ரெண்டாந்தரம் தூக்குன மாதிரிலா?”

அத்தை பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். இன்னும் நம் பக்கம் வரவில்லை.

இப்போது சிலர் நிற்கிறார்கள், வாங்குகிறார்கள். சிலர், “பொண்ணு போன ஈரம் காயல, அதுக்குள்ள கலரப் பாரு” என்று காதில் விழும்படியே சொல்கிறார்கள். அவர்களைத் தப்பென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன சொல்வாய், கண்ணு?

நேற்று எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. ஓமப்பொடிக்குப் பக்கத்தில் நீ எதை வைப்பாய்? நான் கடலை என்றேன், அவள் பட்டாணி என்றாள். கேட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். “பவி” என்று அவள் வாய்விட்டே கூப்பிட்டுவிட்டாள்.

அதன் பிறகு அழுதாள். நீ போனதிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். சந்தையே திரும்பிப் பார்த்தது. நான் கடையைச் சாத்தவில்லை.

இனியும் சாத்த மாட்டேன். இந்த வருடம் வீடு இருட்டாகவே இருக்கட்டும். பகலில் உன் அம்மாவை இந்த நிறங்களுக்கு நடுவில் உட்கார வைப்பேன். அழுதாலும் இங்கேயே அழட்டும். பக்கத்தில் நான் நிற்பேன்.

உன்னைப் பெற்று, உன்னிடமே தொழில் பழகிய
உன் அப்பா